மயக்க மருந்தில் வெளிப்படும் ஒரு பரம்பரை நோயும் பன்றி ஆய்வுகளும்

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள், மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் வார்டுக்கு வந்து நோயாளியிடம் சில கேள்விகள் கேட்பார். என்ன மருந்து பாவிக்கிறீர்கள், இழுப்பு இருக்கிறதா, ஆடுகின்ற பல் ஏதும் உண்டா என்று கேட்டுக்கொண்டே வருபவர், இடையில் இதையும் கேட்பார்: "குடும்பத்தில ஆருக்காவது ஒபரேஷன் நேரம் மயக்க மருந்தால ஏதும் பிரச்சினை வந்திருக்கா?" எம்மவர் பெரும்பாலும் யோசிக்காமலே "இல்ல டொக்டர்" என்று சொல்லிவிடுகிறோம். வந்திருக்கிறதா இல்லையா என்று வீட்டில் ஒருநாளும் விசாரித்திருக்க மாட்டோம். ஆனாலும் பதில் உடனே வந்துவிடும்.

ஒபரேஷன் மேசையில் ஒருவர் மௌத்தானால் எமது ஊர்களில் இரண்டு விளக்கங்கள்தான் உலவும். "டொக்டர் ஊசியக் கூடப் போட்டுட்டார்" என்பது ஒன்று. "அல்லாஹ்ட நாட்டம், அவருக்கு அவ்வளவுதான் எழுதியிருக்கு" என்பது மற்றது. பொழுது சாய முன்னர் ஜனாஸாவை அடக்கிவிட வேண்டும் என்ற அவசரம் ஒரு பக்கம். பிரேத பரிசோதனை என்றால் மையித்தை வெட்டுவார்களே என்ற தயக்கம் மறுபக்கம். கத்ரை நம்புவது ஈமானின் பகுதி, அதில் பேச்சில்லை. ஆனால் காரணத்தை விசாரிக்க வேண்டாம் என்று அந்த நம்பிக்கை எவருக்கும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்திலும் இப்படியொரு மௌத் உண்டு. உம்மாவின் சாச்சா ஒருவர், திடகாத்திரமான மனிதர், குடலிறக்கத்துக்கு ஒபரேஷன் செய்யப் போய் வீடு திரும்பவில்லை. "ஒடம்பு நெருப்பாக் கொதிச்சிச்சாம்" என்ற ஒரு வசனம் மட்டும் உம்மாவின் வாயில் இன்றும் இருக்கிறது. அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு இன்று எதையும் நிரூபிக்க முடியாது. எனினும் இந்த விடயத்தை நான் தேடி வாசிக்கத் தொடங்கியது அந்த வசனத்தால்தான்.

நோயின் ஆங்கிலப் பெயர் மலிக்னன்ட் ஹைப்பர்தேர்மியா. 'மலிக்னன்ட்' என்றால் அகராதி உடனே 'புற்று' என்று பொருள் தரும். இங்கே அது பொருந்தாது. இதற்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமில்லை. கொடிய, அடங்காத உடற்சூடு என்பதுதான் கருத்து. இக்கட்டுரைக்குள் 'கொடுஞ்சூடு' என்று குறிப்பிடுகிறேன். வைத்தியரிடம் பேசும்போது ஆங்கிலப் பெயரையே சொல்லுங்கள். எனது சொல்லைச் சொன்னால் அவருக்கு விளங்காது.

1960ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில், ரோயல் மெல்பேர்ண் வைத்தியசாலைக்கு 21 வயது மாணவர் ஒருவர் கால் முறிந்து வந்து சேர்ந்தார். காலைப் பற்றி அவர் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. மயக்க மருந்தைத்தான் பயந்தார். காரணம், அவருடைய உறவினர்கள் பத்துப் பேர் ஈதர் என்ற மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பின் இறந்திருந்தார்கள். ஈதரை விட்டுவிட்டு, அக்காலத்தில் புதிதாக வந்திருந்த ஹலோதேன் என்ற மருந்தை வைத்தியர்கள் மிகக் கவனமாகக் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் விழுந்தது, இதயம் பறந்தது, தோல் கொதித்து வியர்த்தது. மருந்தை நிறுத்தி, உடம்பைச் சுற்றி ஐஸ் வைத்துக் குளிர்த்தினார்கள். பையன் தப்பினார்.

மைக்கேல் டென்பரோ என்ற வைத்தியர், லவல் என்பவருடன் சேர்ந்து இதை அவ்வாண்டே 'லான்செட்' சஞ்சிகைக்கு ஒரு சிறு கடிதமாக எழுதினார். பிறகு அந்தக் குடும்பத்தின் கொடிவழியைத் தோண்டிப் பார்த்து, இது பரம்பரையாக இறங்கும் ஒன்று என்று 1962இல் விளக்கினார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்தப் பையன் வாய் திறந்து சொன்னதை ஒருவர் செவிகொடுத்துக் கேட்டார். அங்கிருந்துதான் ஒரு நோய்க்குப் பெயர் கிடைத்தது. இதை நான் எத்தனை முறை வாசித்தாலும் எனக்குப் பெரிதாகத்தான் தெரிகிறது.

பெயர் கிடைத்தது, பரிகாரம் கிடைக்கவில்லை. இது மிக அரிதாக வரும். பத்தாயிரம் மயக்கங்களில் ஒன்று என்பதிலிருந்து இரண்டரை இலட்சத்தில் ஒன்று என்பது வரை கணிப்புகள் உண்டு. வந்தால் நிமிடக் கணக்கில் கொல்லும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பாகை, இரண்டு பாகை என்று சூடு ஏறும். அக்காலத்தில் பத்துப் பேருக்கு வந்தால் ஏழெட்டுப் பேர் இறந்தார்கள். அப்படிச் சாகக் கிடக்கும் மனிதரில் மருந்தைப் பரீட்சித்துப் பார்ப்பது எப்படி? அடுத்த நோயாளி எப்போது, எந்த நாட்டில் வருவார் என்பதும் எவருக்கும் தெரியாது. இதே நோய் வரக்கூடிய, மனித உடம்பின் அளவுள்ள ஒரு பிராணி தேவைப்பட்டது.

அது பண்ணையில் ஏற்கெனவே இருந்தது. பன்றி.

இந்தச் சொல்லைக் கண்டதும் சில வாசகர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். பிள்ளைகள் மத்தியில் அது ஒரு ஏச்சுச் சொல். பெரியவர்கள் சிலர் வாயால் உச்சரிக்கவும் விரும்பமாட்டார்கள். ஆனால் முன்னைய முஸ்லிம் அறிஞர்கள் அப்படிக் கூசவில்லை. எகிப்தியரான தமீரி தொகுத்த 'ஹயாத்துல் ஹயவான்' என்ற விலங்குக் களஞ்சியத்தில், அரபு அகரவரிசையில் 'கின்ஸீர்' தனக்குரிய இடத்தில் நிற்கிறது. அதன் இறைச்சி ஹராம் என்று அல்குர்ஆன் நான்கு இடங்களில் சொல்கிறது. அந்த நான்கு இடங்களிலும் நிர்ப்பந்தத்துக்கு ஆளானவருக்கான சலுகையும் கூடவே வருகிறது. ஆய்வுக்கூடப் பன்றி பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்கள் சொல்லட்டும், நான் தமிழ் படிப்பிக்கிற ஆள். ஒன்றை மட்டும் தெளிவாக்க வேண்டும். கீழே வரப்போகும் மருந்தில் பன்றியின் எந்தப் பகுதியும் இல்லை. அது இரசாயன முறையில் செய்யப்படுவது. பன்றியின் குடலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஹெபரின் போன்ற மருந்துகளின் விவகாரம் வேறு. இங்கே பன்றியிடமிருந்து வந்தது அறிவு மட்டும்தான்.

ஐரோப்பியப் பன்றி வளர்ப்பாளர்களுக்கு ஒரு தலையிடி இருந்தது. நன்றாகத் தசை வைத்த பன்றிகள் லொறியில் ஏற்றும்போதே மூச்சிரைத்து, விறைத்து, செத்து விழும். வெயில், சண்டை, வெருட்சி, எதுவும் போதும். சாகாமல் அறுபட்டவற்றின் இறைச்சியோ வெளிறி, துவண்டு, தண்ணீர் கசியும், வாங்க ஆளிருக்காது. 1950களில் டென்மார்க்கில் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். மனித நோயுடன் இதற்குத் தொடர்பு இருக்கும் என்று அப்போது யார் நினைத்தார்கள்? 1966இல் கேம்பிரிட்ஜ் மிருக வைத்தியர் ஹோலும் கூட்டாளிகளும் சில பன்றிகளுக்கு, சத்திரசிகிச்சையில் தசையைத் தளர்த்தப் பாவிக்கும் சக்ஸமெத்தோனியம் என்ற ஊசி மருந்தைக் கொடுத்தார்கள். தளர வேண்டிய தசை கட்டையாக விறைத்தது, உடம்பு கொதித்தது, பன்றிகள் செத்தன. தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் கல்லீரல் மாற்று ஆய்வுக்காகப் பன்றிகளை மயக்கியவர்களும் இதையே கண்டார்கள். மெல்பேர்ண் மாணவருக்கு வந்தது இதுவேதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். தசை சுருங்க வேண்டுமானால் தசைக் கலத்துக்குள் கல்சியம் பாய வேண்டும். அந்தக் கல்சியம் கலத்துக்குள்ளேயே ஒரு களஞ்சியத்தில் தேக்கி வைக்கப்பட்டிருக்கிறது. குளத்துக்கு வான்கதவு இருப்பது போல அதற்கும் ஒரு கதவு உண்டு. நரம்பு கட்டளை இட்டால் கதவு திறக்கும், தசை சுருங்கும். கதவு மூடும், கல்சியம் திரும்ப உள்ளே இழுக்கப்படும், தசை தளரும். இந்தக் கதவு ஒரு புரதம். ரயனொடின் வாங்கி என்று பெயர். பரம்பரையலகில் ஏற்பட்ட பிழையால் இந்தக் கதவு சரியில்லாமல் அமைந்தவருக்கு அன்றாட வாழ்வில் ஒன்றும் தெரியாது. ஓடுவார், வயலில் வேலை செய்வார், பந்தும் அடிப்பார். ஹலோதேன் போன்ற முகர்வு மயக்க மருந்தோ சக்ஸமெத்தோனியமோ உடம்புக்குள் போனதும் கதவு திறந்தபடி நின்றுவிடும். கல்சியம் கொட்டிக்கொண்டே இருக்கும்; உடம்பின் எல்லாத் தசையும் ஒரேயடியாகச் சுருங்கி வேலை செய்யும். சூடு அங்கிருந்துதான் பிறக்கிறது. ஒட்சிசன் தீர்கிறது, காபனீரொட்சைட்டு குவிகிறது, தசை உடைந்து பொட்டாசியம் இரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்துகிறது. ஐஸ் வைப்பது வெளிச்சூட்டைத் தணிக்கும். கதவை மூடாது.

கதவை மூடும் மருந்து ஏற்கெனவே கடையில் இருந்தது, வேறொரு தேவைக்காக. டான்ட்ரோலீன் என்ற அந்த மருந்து 1967இல் செய்யப்பட்டது. நரம்பு நோயால் தசை இறுகிப் போனவர்களுக்குத் தளர்ச்சி கொடுக்க மாத்திரையாகப் பாவித்தார்கள். கேப் டவுனில் மயக்க மருந்து நிபுணராக இருந்த கெய்ஸ்ஃபர்ட் ஹரிசன், இந்த நோயுள்ள பன்றிகளுக்கு ஹலோதேன் கொடுத்து, சூடு ஏறத் தொடங்கியதும் டான்ட்ரோலீனை நரம்பு வழியாக ஏற்றிப் பார்த்தார். விறைப்பு விட்டது. சூடு இறங்கியது. செத்தே ஆக வேண்டிய பன்றிகளில் பெரும்பாலானவை எழுந்து நின்றன. 1975இல் அவர் அதை வெளியிட்டார். நான்கே வருடத்தில், 1979இல், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை மனிதருக்கு ஊசியாகக் கொடுக்க அனுமதித்தது. இன்று நேரத்துக்கு இனங்கண்டு இந்த மருந்தைக் கொடுக்கும் இடங்களில் இறப்பு நூற்றுக்குப் பத்துக்கும் கீழே.

சுண்டெலியில் இதைச் செய்திருக்க முடியாதா என்று ஒரு உயர்தர மாணவன் என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி. பின்னாளில் பரம்பரையலகை மாற்றி அப்படிப்பட்ட சுண்டெலிகளையும் உண்டாக்கினார்கள்தான். ஆனால் பன்றியை மனிதருக்குரிய அதே மயக்க இயந்திரத்தில் இணைக்கலாம். சில நிமிடத்துக்கு ஒரு தடவை இரத்தம் எடுத்துப் பார்க்கலாம். சுண்டெலியில் அப்படி எடுத்தால் இரத்தமே தீர்ந்துவிடும். எல்லாவற்றையும் விட முக்கியம், பன்றிக்கு அந்த நோயை யாரும் உண்டாக்கவில்லை. அது தானாகவே பண்ணையில் இருந்தது.

சரியாகச் சொன்னால், தானாக என்பதும் முழு உண்மையல்ல. கொழுப்புக் குறைந்த, தசை திரண்ட பன்றிகளுக்குச் சந்தையில் விலை. வளர்ப்பவர்கள் அவற்றையே தெரிந்தெடுத்து இனம் பெருக்கினார்கள். அந்தத் தசைத் திரட்சிக்குப் பின்னால் இந்தப் பிழையும் மறைந்து நின்றது. பெல்ஜியத்துப் பியட்ரேன் இனத்தில் அது அதிகம். 1974இல் நெதர்லாந்தில் ஒரு சோதனை கண்டுபிடித்தார்கள்: குட்டியின் மூக்கில் முகமூடி வைத்துச் சில நிமிடம் ஹலோதேன் கொடுப்பது, கால் விறைத்தால் அது இனப்பெருக்கத்துக்கு ஆகாது. 1990இல் மனிதரில் ரயனொடின் வாங்கியின் பரம்பரையலகுமேல் சந்தேகம் விழுந்தது. 1991இல் கனடாவின் டொரொன்டோவில் மக்லெனன் என்பவரின் குழு பன்றியின் பிழையை எழுத்தெழுத்தாகக் காட்டியது. அந்தப் புரதத்தில் 615ஆம் இடத்தில் ஆர்ஜினின் நிற்க வேண்டும். நோயுள்ள பன்றிகளில் சிஸ்டீன் நின்றது. ஐந்து பன்றி இனங்களிலும் அதே ஒரு பிழை. எங்கோ ஒரு மூதாதையிலிருந்து பரவியிருக்கிறது. அதே வருடம் மனிதக் குடும்பமொன்றில் தேடியபோது 614ஆம் இடத்தில் அதே மாற்றம் அகப்பட்டது. இந்த 614, 615 என்ற இரண்டு இலக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் பன்றியை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடவும் முடியாது. பன்றியில் இரு பெற்றோரிடமிருந்தும் பிழை வந்தால்தான் ஹலோதேனுக்கு விறைக்கும். மனிதரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். பன்றி விழித்திருக்கும்போதே பயத்தால் செத்துவிடும். மனிதருக்குப் பெரும்பாலும் மருந்துதான் தூண்டுகோல். பன்றியில் ஒரே பிழை. மனிதரில் நூற்றுக்கணக்கான வேறுபாடுகள் இருக்கின்றன, சில வேறு பரம்பரையலகிலும் இருக்கின்றன. ஆகவே ஒரு டீஎன்ஏ பரிசோதனை 'ஒன்றுமில்லை' என்று சொன்னாலும் அது கடைசிச் சொல்லாகாது. உறுதியாக அறிய, தொடையிலிருந்து சிறு தசைத் துண்டு எடுத்து ஹலோதேனிலும் கஃபீனிலும் வைத்து அது சுருங்கும் அளவைப் பார்க்கிறார்கள். உலகில் சில இடங்களில்தான் அந்த வசதி இருக்கிறது.

பன்றி என்றதால் மட்டும் இதைப் புறம்தள்ள நினைப்பவருக்கு ஆட்டையும் சொல்லலாம். அமெரிக்காவின் டெனசியில் திடுக்கிட்டால் கால் விறைத்துப் பொத்தென்று விழும் ஒரு வகை ஆடு உண்டு. மயங்கும் ஆடு என்பார்கள். உண்மையில் அது மயங்குவதில்லை, முழு நினைவோடுதான் விழுந்து கிடக்கும். இதை ஒத்த மனித நோயை 1876இல் எழுதியவர் தோம்சன் என்ற டென்மார்க் வைத்தியர், தன் சொந்தக் குடும்பத்தில் கண்டு எழுதினார். தசையில் குளோரைட்டு போகும் வழி அடைபடுவதே காரணம் என்று காட்டிக் கொடுத்தது அந்த ஆட்டின் தசை. நியூசிலாந்தில், பிள்ளைகளின் கண்ணையும் மூளையையும் அழிக்கும் பேட்டன் நோய் ஒரு செம்மறி மந்தையில் இருக்கிறது என்று 1976இல் எழுதினார்கள். மூளையில் தேங்குவது கொழுப்பு என்று உலகம் நம்பியிருந்தது. பெரும்பகுதி ஒரு புரதம் என்பதை அந்தச் செம்மறிகள்தான் காட்டின. மனிதப் பிள்ளையிடமிருந்து ஆய்வுக்குத் தேவையான அளவு இழையத்தை எங்கே எடுப்பது?

டான்ட்ரோலீனுக்கு வருவோம். மருந்து இருப்பது வேறு, கைக்கெட்டுவது வேறு. பழைய வடிவத்தில் ஒரு குப்பியில் 20 மில்லிகிராம் தூள்தான் இருக்கும். அதைக் கரைக்க 60 மில்லிலீற்றர் தண்ணீர் வேண்டும். இலேசில் கரையாது. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு முதல் தடவைக்கே 175 மில்லிகிராம், அதாவது ஒன்பது குப்பி. நோயாளி கொதித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு மூன்று பேர் குப்பி குலுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். 2014இல் அமெரிக்காவில் 250 மில்லிகிராமை 5 மில்லிலீற்றரில் கரைக்கும் புதிய வடிவம் வந்தது. விலையும் அதற்கேற்றாற் போலத்தான். ஆண்டுக்கணக்கில் தேவைப்படாமல் காலாவதியாகும் ஒரு மருந்தை வாங்கி அலுமாரியில் வைத்துக்கொண்டிருப்பது எந்த நாட்டுக்கும் இலேசான செலவல்ல. அதனால்தான், இது வரக்கூடியவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது இவ்வளவு பெறுமதியாகிறது. தெரிந்தால் தூண்டும் மருந்துகளைத் தவிர்த்துவிடலாம். புரொபபோல் என்ற ஊசி மயக்கம், முதுகில் போடும் ஊசி, இடத்தை மட்டும் விறைக்கச் செய்யும் ஊசி, இவையெல்லாம் இந்நோயாளருக்குப் பாதுகாப்பானவை. கத்னாவுக்கும் பல்லுக்கும் போடும் விறைப்பு ஊசியைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம்.

சொந்தத்துக்குள் கலியாணம் முடிப்பதால் வருவதா இது என்று கேட்பவர்கள் உண்டு. தலசீமியா போன்ற நோய்களில் அந்தக் கேள்விக்குப் பொருள் இருக்கிறது. அங்கே இரு பக்கமும் பிழை சேர வேண்டும். இங்கே ஒரு பக்கமே போதுமென்பதால், எங்கே கலியாணம் முடித்தாலும் அது கூடவே போகும். அதனால் விசாரிக்க வேண்டியது பெற்றோர், சகோதரர், மாமா, மாமி, பெரியம்மா, சாச்சா பிள்ளைகள் வரைக்கும். ஒருவர் முன்பு ஒருமுறை மயக்கம் ஏற்றிச் சுகமாக எழும்பியிருந்தாலும் அது உத்தரவாதமில்லை; இரண்டு மூன்று தடவை ஒன்றும் ஆகாமல் அடுத்த தடவை வந்தவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் மூத்தவர்களிடம் கேட்கும்போது நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒன்றும் வராது. அவர்களுக்கு நினைவிருப்பது வேறு விதமாக இருக்கும். "தொண்ட ஒபரேஷன பாதியில நிப்பாட்டிட்டாங்க." "மயக்கின ஒடனே தாட கிட்டிச்சுப் போச்சாம், வாயத் தொறக்க ஏலல்லையாம்." "ஒடம்பு கொதிச்சு ஐசில போட்டாங்க." "அடுத்த நாள் ஒண்டுக்குப் போனா கோப்பிச் சாயம் மாதிரி." இப்படி ஏதாவது ஒன்று வந்தால் ஆண்டையும் ஆஸ்பத்திரியையும் குறித்து வையுங்கள். பழைய டயக்னோசிஸ் காட் ஒரு பெட்டிக்குள் கிடந்தாலும் எடுத்து வையுங்கள். பிள்ளைக்குத் தொண்டைச் சதை வெட்டப் போகும்போதோ மகளைப் பிரசவத்துக்குச் சேர்க்கும்போதோ, அவர்கள் கேட்கும் வரை நில்லாமல், மயக்க மருந்து வைத்தியரிடம் நீங்களாகவே கொடுத்துவிடுங்கள். ஒன்றுமில்லாத காய்ச்சலாகவும் அது இருந்திருக்கலாம். அதைத் தீர்மானிப்பது அவருடைய வேலை.

மெல்பேர்ண் மாணவருக்குப் பின்னர் சிறுநீர்க்கல் எடுக்க இன்னொரு சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. இந்த முறை முதுகில் ஊசி போட்டுச் செய்தார்கள். உடம்பு சுடவில்லை.